ஃபெல்லோஷிப் பணத்துக்கு வரி உண்டா?

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார்:

"என் மகள் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கி, பிஎச்.டி. மூன்றாம் வருசம் படிக்கிறாள். இப்போது எஸ்ஆர்எஃப், மாதம் 42,000 ரூபாய். ஏழு மாதமாக வராமல் இருந்த பணம் போன மாதம் மொத்தமாக ஏறியது. பாஸ்புக் பதியப் போனபோது பேங்க்கில், 'இவ்வளவு வருதே, ரிட்டர்ன் போடுறீங்களா?' என்று கேட்டார்கள். கோரிமேட்டில் தெரிந்தவர் ஒருவர், 'மாசாமாசம் வந்தா அது சம்பளம்தானே, வரி கட்டியே ஆகணும்' என்கிறார். மகளோ, 'ஸ்காலர்ஷிப்புக்கு வரி கிடையாதுப்பா, எங்க டிபார்ட்மென்டில் யாரும் கட்டறதில்லை' என்கிறாள். அவள் பிஎச்.டி. சேர்வதற்கு முன்னால், 2022-23ல் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒரு வருசம் வேலை பார்த்தாள். அங்கே மாதம் 31,000 என்று சொல்லி, 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அந்தப் பணம் போனது போனதுதானா? யார் சொல்வதை நம்புவது?"

ஐயா, மகள் சொல்லும் முடிவு சரி, அதற்குச் சொல்லும் காரணம்தான் சரியில்லை. டிபார்ட்மென்டில் யாரும் கட்டவில்லை என்பது நோட்டீஸ் வந்தால் பதிலாக எழுதக்கூடியதல்ல. வருமான வரிச் சட்டம் 1961ல் 10ஆவது பிரிவின் 16ஆவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகை மொத்த வருமானத்தில் சேராது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. இவ்வளவு ரூபாய் வரைதான் என்ற உச்சவரம்பு அதில் இல்லை. அரசு கொடுத்தால்தான் விலக்கு, தனியார் அறக்கட்டளை கொடுத்தால் இல்லை என்ற பாகுபாடும் இல்லை. மாதத்துக்கு 5,000 கொடுத்தாலும் சரி, பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பில் கொடுப்பதுபோல 70,000, 80,000 கொடுத்தாலும் சரி, படிப்புக்காகத் தந்தது என்றால் விலக்குத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. சலுகை மாறவில்லை. 2025-26 நிதியாண்டுக்குப் போடும் ரிட்டர்ன் பழைய சட்டத்தின்படிதான் என்பதால் இந்தக் கட்டுரையில் பழைய எண்களையே சொல்கிறேன். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விலக்கு போய்விடுமோ என்றும் சிலர் கேட்கிறார்கள். போகாது. புதிய முறை பறித்துக்கொண்ட சலுகைகளின் பட்டியலில் 10(16) இல்லை.

உங்கள் கோரிமேட்டு நண்பரின் வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாதம் பிறந்தால் பணம், அதில் வீட்டு வாடகைப்படி என்று தனியாக ஒரு தொகை, வருகைப் பதிவேடு, கைடு கையெழுத்து, லீவு கணக்கு. பார்ப்பவர்களுக்குச் சம்பளம் மாதிரிதான் தெரியும். மிச்சம் பிடித்து மகள் வண்டி வாங்கியிருந்தால், 'படிப்புச் செலவு போக மிஞ்சியது வருமானம்தானே' என்றும் கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கல்விச் செலவு என்றால் கட்டணம் மட்டும் அல்ல, படிப்பதற்காக ஆகும் மற்ற செலவுகளும் அதில் அடங்கும். வாங்கியவர் முழுவதையும் செலவழித்தாரா, கொஞ்சம் மிச்சம் பிடித்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று 1981லேயே வந்துவிட்டது. ஆகவே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போனது போக மீதி சேமிப்பில் கிடந்தாலும் அது வருமானமாகிவிடாது. வாடகைப்படி என்று வருவதும், கெமிக்கலுக்கும் புத்தகத்துக்கும் தரும் கன்டின்ஜென்சி தொகையும் அந்த உதவித்தொகையின் பகுதிகள்தான். சம்பளக்காரர்கள் வாடகை ரசீது காட்டிக் கழிக்கும் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏழு மாத அரியர்ஸ் ஒரே நாளில் ஏறியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விலக்குள்ள பணம் தவணையாக வந்தாலும் மொத்தமாக வந்தாலும் விலக்குத்தான்.

அப்படியானால் எது உதவித்தொகை, எது சம்பளம்? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். ஸ்டைபெண்ட், ஃபெல்லோஷிப், ஊக்கத்தொகை, தொகுப்பூதியம் என்று எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். கையில் இருக்கும் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். யுஜிசி தரும் அவார்டு லெட்டரில் இன்ன பாடத்தில் பிஎச்.டி. ஆராய்ச்சி செய்வதற்காக என்று இருக்கும். நீங்கள் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கும். பதிவை விட்டால் பணம் நின்றுவிடும். ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கும் கடிதமோ வேறு பாஷை பேசும். நியமனம் என்று தொடங்கும், திட்டத்தின் பெயரைச் சொல்லும், என்ன வேலை செய்ய வேண்டும், எத்தனை மாதம், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து யார் யாரை நிறுத்தலாம் என்றெல்லாம் போகும். அதில் பிஎச்.டி. என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். பி.எஃப். பிடித்தாலோ, ஃபார்ம் 16 கொடுத்தாலோ, கொடுப்பவர் உங்களை வேலையாளாகவே பார்க்கிறார் என்று அர்த்தம். முதல் வகை 10(16)க்குள் வரும். இரண்டாவது வகைக்கு வரி உண்டு.

இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களும் இருக்கிறார்கள். திட்டத்தில் ஜேஆர்எஃப் என்று சேர்ந்து, அதே கைடிடம் பிஎச்.டி.க்கும் பதிவு செய்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் திட்டத்தின் அனுமதிக் கடிதத்திலாவது, பல்கலைக்கழகத்தின் கடிதத்திலாவது அந்தத் தொகை ஆராய்ச்சிப் படிப்புக்கான உதவித்தொகை என்று ஒரு வரி இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். பட்டம் முடிந்த பிறகு ரிசர்ச் அசோசியேட்டாக மாதம் 58,000 வாங்குபவர்கள், போஸ்ட் டாக்டரேட் செய்பவர்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. அவர்களுடைய கடிதம் பெரும்பாலும் வேலைக் கடிதம். வருமானமாகக் காட்டிவிடுவதே நிம்மதி. ஏன் என்றால், இப்போதைய கணக்கில் அதற்கும் வரி வராது.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடி வந்து போட்ட வரியைச் சுழியாக்கிவிடும். உங்கள் மகளின் 42,000ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 5,04,000. வாடகைப்படியைச் சேர்த்தாலும் 12 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, கோரிமேட்டு நண்பர் சொல்வதுபோலச் சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு. அங்கே தள்ளுபடி 5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. 5,04,000 என்பது அந்தக் கோட்டை 4,000 ரூபாயில் தாண்டும்; சம்பளத்துக்கான நிலையான கழிவு 50,000 போனால்தான் உள்ளே வரும்.

இரண்டு வழியிலும் பூஜ்யம்தானே, பிறகு எதற்கு இத்தனை விசாரணை என்று கேட்கலாம். விசாரணை தேவைப்படுவது, படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வருசத்தில். உங்கள் மகள் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் எஸ்ஆர்எஃப் வாங்குகிறாள் என்று வையுங்கள்: 2,52,000. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அக்டோபரில் பெங்களூரில் ஒரு கம்பெனியில் மாதம் 2 லட்சத்துக்குச் சேர்கிறாள். மார்ச் வரை 12 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 11,25,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. இப்போது புதுக் கம்பெனியின் எச்.ஆர். ஒரு ஃபார்ம் நீட்டுவார், இந்த வருசம் இதற்கு முன்னால் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று. அவள் வெள்ளந்தியாக 2,52,000 என்று எழுதிக் கொடுத்தால் மொத்தம் 13,77,000 ஆகிவிடும். தள்ளுபடி பறந்துவிடும். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் என்று 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம் என்று 40,000. அதற்கு மேலே உள்ள 1,77,000க்கு 15 சதவீதம் என்று 26,550. கூட்டினால் 86,550. 4 சதவீத செஸ் சேர்த்தால் 90,012 ரூபாய். ஃபார்மில் தவறான கட்டத்தில் ஒரு எண்ணை எழுதியதற்கு இரண்டு மாத ஃபெல்லோஷிப்புக்கும் மேலான விலை இது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, ரிட்டர்னில் விலக்குள்ள வருமானம் என்ற இடத்தில் 10(16)ஐத் தேர்ந்தெடுத்து 2,52,000ஐக் காட்ட வேண்டும். மறைக்க வேண்டாம், உரிய இடத்தில் காட்டினால் போதும்.

ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டுமா என்றால், ஃபெல்லோஷிப் தவிர வேறு வருமானம் இல்லாத மாணவிக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் போடச் சொல்லுவேன். விசாவுக்காக நாளை மகள் நிற்கும்போதும், உங்கள் வீட்டுக் கடனுக்கு அவளைச் சேர்க்கும்போதும் மூன்று வருச ரிட்டர்ன் கேட்பார்கள். ஐடிஆர்-1 போதும். ஜூலை 31க்குள் போட்டுவிட்டு, 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம். நிறைய ஸ்காலர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த 10 சதவீதம். அது போனது போனதல்ல, திரும்ப வாங்கலாம். மாதம் 31,000 என்றால் ஆண்டுக்கு 3,72,000; பிடித்தது 37,200. அந்தக் கல்லூரியின் அக்கவுன்ட்ஸ் பிரிவு உங்கள் மகளை மாதச் சம்பளக்காரராக நினைக்காமல், வக்கீல், டாக்டர், கன்சல்டன்ட் வரிசையில் வைத்து 194ஜே பிரிவில் பிடித்திருக்கும். இது ஊரெல்லாம் நடப்பதுதான். பில் போடச் சுலபம் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அப்போது அவள் எந்தப் பட்டத்துக்கும் பதிவு செய்யவில்லை என்பதால் அது ஃபெல்லோஷிப் ஆகாது, சம்பளமாகவே வைத்துக்கொள்வோம். ஆனாலும் 2022-23ல் 5 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. 3,72,000க்கு வரி இல்லை. 37,200 முழுவதும் ரீஃபண்டாக வந்திருக்க வேண்டிய பணம்.

முதல் வேலையாக மகளை வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, அந்த ஆண்டின் 26ஏஎஸ் படிவத்தை இறக்கச் சொல்லுங்கள். அதில் கல்லூரியின் பெயர், டான் எண், பிரிவு 194ஜே, எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். பிடித்தது என்ற கட்டத்திலும் கட்டியது என்ற கட்டத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கமே காலியாக இருந்தால், பிடித்த பணத்தை அவர்கள் உங்கள் மகளின் பான் எண்ணில் செலுத்தவில்லை. அப்போது துறையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கல்லூரிக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யச் சொல்ல வேண்டும்.

26ஏஎஸ் சரியாக இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் போடவில்லை என்றால், கெடு தாண்டிவிட்டது. அபராதம் கட்டிப் போடும் அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று விளம்பரத்தில் வருகிறதே, அதை நம்பிப் போகாதீர்கள். ரீஃபண்ட் கேட்பதற்கு அதைப் பயன்படுத்த முடியாது. 119(2)(பி) பிரிவின் கீழ், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு ரிட்டர்னை ஏற்கும்படி மனுப் போட வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருசத்துக்குள் மனுச் செய்யலாம். 2022-23 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2023-24. அது முடிந்தது 2024 மார்ச்சில். ஆக 2029 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. மனுவை இணையதளத்திலேயே போடலாம். ஏன் தாமதம் என்ற கட்டத்தில் நான்கைந்து வரி நேர்மையாக எழுதினால் போதும்: முதல் முறை வருமானம், மாணவி, வரி பிடித்ததே தெரியாது. நியமனக் கடிதம், பாஸ்புக் பக்கம், 26ஏஎஸ் மூன்றையும் இணைக்க வேண்டும். பதில் வராமல் மாதக்கணக்கில் இழுத்தால், காந்தி ரோட்டில் இருக்கும் வருமான வரி அலுவலகத்துக்கு மனு எண்ணோடு நேரில் போய்க் கேட்கலாம். இப்படித் தாமதமாகக் கேட்டு வாங்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடைக்காது. அசல் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதே வம்பு நிஜமான ஃபெல்லோஷிப்பிலும் வருவதுண்டு. யுஜிசி பணம் நேராகக் கணக்கில் ஏறிவிடுவதால் அங்கே யாரும் வரி பிடிப்பதில்லை. கல்லூரி வழியாகவோ தனியார் அறக்கட்டளை வழியாகவோ வரும் உதவித்தொகையில் பிடித்துவிடுகிறார்கள். ரிட்டர்னில் விலக்கு என்று காட்டிவிட்டு, பிடித்த வரியைத் திரும்பக் கேட்டால் கம்ப்யூட்டர் குழம்பிப்போகும். வருமானத்தைக் காட்டாமல் வரியை மட்டும் கேட்கிறீர்களே என்று 139(9) பிரிவில் குறைபாட்டு நோட்டீஸ் அனுப்பும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 15 நாளுக்குள் பதில் போட வேண்டும். குறைபாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, 10(16)இன் கீழ் விலக்கு, அவார்டு லெட்டரின் எண்ணும் தேதியும் இன்னது என்று எழுத வேண்டும். நோட்டீஸ் மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடந்து, 15 நாள் ஓடி, ரிட்டர்னே செல்லாமல் போனவர்கள் உண்டு. அதனால் அந்த வருசம் முதலிலேயே கொடுப்பவரிடம் அவார்டு லெட்டரைக் காட்டி வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது உத்தமம்.

இந்தப் பகுதிக்கு டாக்டர்களும் அடிக்கடி எழுதுகிறார்கள். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் ராத்திரி பகல் பாராமல் வார்டில் வேலையும் பார்க்கிறார்கள், ஸ்டைபெண்டும் வாங்குகிறார்கள். அது படிப்பா, வேலையா? முதுநிலை மருத்துவ மாணவருக்குத் தரும் ஸ்டைபெண்ட் படிப்புக்கான உதவித்தொகைதான் என்று வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஜெய்ப்பூர் அமர்வு 1980களிலேயே சொன்னது. நோயாளியைப் பார்ப்பது அந்தப் படிப்பின் ஒரு பகுதி என்ற நியாயம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனாலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள அளவு கட்டுப்படுத்தும் பலம் தீர்ப்பாயத்தின் முடிவுக்கு இல்லை. சில இடங்களில் சம்பளமாகவே கருதி வரி பிடிக்கிறார்கள். ஆண்டு ஸ்டைபெண்ட் 12 லட்சத்துக்குள் இருந்து, வேறு பெரிய வருமானம் இல்லாத டாக்டர் இதற்காகச் சண்டை போட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மாலையில் தனியார் மருத்துவமனையில் டியூட்டி பார்த்து வாங்கும் பணம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வருமானம்.

கேட் மதிப்பெண்ணில் எம்.டெக். படித்து மாதம் 12,400 வாங்குபவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். வகுப்பில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் உதவி செய்வதால் அது சம்பளமாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்குள் வரும் தொகை அது, எந்தக் கணக்கிலும் வரி வராது. எங்கள் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் வாங்கும் தொகைக்கு வரி வந்தால் முதலில் சந்தோஷப்படுவது அவர்களாகத்தான் இருக்கும். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக 25,000 வாங்கிக்கொண்டு பகுதி நேரமாக பிஎச்.டி. செய்பவர்களின் கதை வேறு. பாடம் நடத்தியதற்கு வாங்கும் பணம் அது, படிப்பதற்கு வாங்கியதல்ல.

அமெரிக்காவில் பிஎச்.டி. செய்யும் சொந்தக்காரப் பிள்ளை, 'அங்கே ஸ்டைபெண்டுக்கு வரி பிடிக்கிறாங்க, இங்கேயும் அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லியிருந்தால், அதை இங்கே பொருத்தாதீர்கள். 1986ல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போனது மட்டும்தான் அங்கே விலக்கு. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வாங்கும் ஸ்டைபெண்டுக்கு வரி உண்டு. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவால் ஒரு நன்மை கிடைக்கிறது: அந்நாட்டுக் குடிவாசிகளுக்குரிய நிலையான கழிவை இவர்களும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. பிரிட்டனில் முழு நேரப் படிப்புக்கான உதவித்தொகைக்கு நம்மைப்போலவே வரி இல்லை.

கடைசியாக, அந்த அரியர்ஸ் பணம். ஏழு மாதத்துக்கு 2,94,000. உதவித்தொகைக்கு வரி இல்லையே தவிர, அதை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டிக்கு விலக்கு இல்லை. 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் சொச்சம் வரும். அது மகளின் வருமானம். ரிட்டர்னில் பிற வருமானம் என்ற இடத்தில் காட்டினால் போதும், வரி வராது. ஆண்டுக்கு 50,000ஐத் தாண்டினால்தான் பேங்க் வட்டியில் டிடிஎஸ் பிடிக்கும் என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. பிள்ளை பணம்தானே என்று டெபாசிட்டை உங்கள் பெயரில் போடாதீர்கள். வட்டி உங்கள் பான் எண்ணில் ஏறி, உங்கள் கணக்கோடு கலந்துவிடும். அடுத்த வருசம் அதைப் பிரித்துச் சொல்ல நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும்.